சிவன்மேல்பொடி

எனக்கு ஆபரேஷன் நடந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்களாம். அது உண்மை. மூன்று நாள் பிணம் மாதிரிக் கிடந்தேனாம். அது பொய், இரண்டு நாள்தான். மகள் செய்துகொண்ட கல்யாணத்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னொரு பேச்சு. அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும். ஆனால் என் மகள் மல்லிகாவும் வேறு ஒன்றை நம்பிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தன்மேலும் தன் குழந்தைமேலும் துளிப் பாசமில்லை என்று. அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் முனிசிபல் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். பெயர் சரோஜா. பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் மிளகாய் டீச்சர். நான் வராந்தாவில் கால் வைத்தால் நான்காம் வகுப்பும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொள்ளும். என் வீட்டுக்காரர் நெசவாளர் சொசைட்டியில் பட்டு எடை போடுகிற குமாஸ்தா. எதற்கும் அதிர்ந்து பேசமாட்டார். எங்களுக்கு ஒரே பெண். இந்த எழுபதுகள் பிறந்த கையோடு அவள் எங்கள் தெருவிலேயே தெலுங்கு பேசுகிற நெசவுக்கார வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நான் கத்தக்கூடாததையெல்லாம் கத்தினேன். அவர்கள் இருவரும் ஐயம்பேட்டைக்குக் குடிபோய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு இருபது நாளைக்கு மேல் எனக்குத் தூக்கம் இல்லை. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். கம்பவுண்டர் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் என்றார். என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் மருந்து என்றாலே ஆகாது. சொசைட்டியில் யாரோ சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு மாகறலுக்குப் போனார். அங்கே கோயில் தெருவில் ஒரு வைத்தியர். அவர் கொடுத்த பொடியைப் பாலில் கலந்து தினம் ஒரு வேளை கொடுக்க வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது. சாம்பல் பூத்த மஞ்சள் நிறம், வேப்பங்காய்க் கசப்பு. பெயர் சிவன்மேல்பொடி.

முதல் வாரத்திலேயே தூங்கினேன். பிரஷரும் இறங்கியது. "பாத்தியா சரோ, சாமி மருந்து" என்று அவர் சந்தோஷப்பட்டார். வைத்தியர் ஒரு மாதம் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். நல்லது செய்கிறதை நிறுத்துவானேன் என்று இவராகவே மேலும் மேலும் வாங்கி வந்தார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் சாப்பிட்டேன்.

அந்த ஒன்றரை வருஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துக்கம் இருந்தால் துக்கம் என்று எழுதலாம். துக்கம் இல்லை. பசி இல்லை, ருசி இல்லை, கோபம் சுத்தமாக இல்லை. வகுப்பில் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் நான் எழுதும் எழுத்து வரவர எறும்பு அளவாகச் சிறுத்துப்போனது. மூக்கு எப்போதும் அடைத்தே இருந்தது. நடந்தால் கால் தரையைத் தேய்த்தது. வயசாகிறது என்று நினைத்தேன். எனக்கு நாற்பத்து மூன்று.

இந்தச் சமயத்தில்தான் மல்லிகா வந்தாள். மூன்று மாதக் குழந்தை, பெண். கோபதாபத்தை மறந்து, கணவனுக்கும் சொல்லாமல், தனியாக பஸ்ஸில் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையை என் மடியில் வைத்தாள். குழந்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. நான் அதைப் பார்த்தேன். ஒரு குழந்தை என்று தெரிந்தது. என் பேத்தி என்றும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்துக்கோ, மடி நோவுது" என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு வரவேயில்லை.

உதிரப்போக்கு அதிகமாகி ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்குச் சில மாதம் கழித்து. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ரத்தமெல்லாம் வற்றிவிடும் என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சரி என்றேன். வராந்தாவில் ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண் தன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்கம் கொடுக்கிற டாக்டர் வந்தார். செங்கல்பட்டிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர், இளவயசு. கையில் ஒரு தாள். வழக்கமான கேள்விகள்.

"வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள், எனக்கு எல்லாமே தாமதம்தானே, என் வீட்டுக்காரர் சொன்னார்: "மருந்து மாத்திரை ஒண்ணும் கிடையாதுங்க. சிவன்மேல்பொடி மட்டும் குடுத்துக்கினு இருக்கறன். மாகறல் கோயில் தெருவுல இருந்து வருது."

டாக்டர் நிமிர்ந்தார். எதிரே, நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதியோடு என் வீட்டுக்காரர். "நல்லது. ஆனா நாளைக்குக் காலையில வாய்ல எதுவும் போடக்கூடாது. பச்சைத் தண்ணிகூட வேணாம்" என்று சொல்லிவிட்டு, தாளில் 'இல்லை' என்று எழுதினார்.

சிவன்மேல் பூசுகிற பொடி என்றால் இந்த ஊரில் யாருக்கும் விபூதிதான். எங்கள் வீட்டிலேயே அந்தப் பொட்டலம் சாமி மாடத்தில்தான் இருந்தது. எங்கள் மனசில் அது மருந்து இல்லை. மருந்து என்றால் சீசாவில் இருப்பது, சீட்டு எழுதி வாங்குவது.

மறுநாள் தள்ளுவண்டியில் என்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பயமே இல்லை. அரிசி மூட்டை வண்டியில் போகிறபோது பயப்படுமா? முகத்தில் மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். பாடம் எடுக்கிற குரலில் எண்ணினேன். ஏழு வரை நினைவிருக்கிறது.

பிறகு நடந்தது எனக்கு சிஸ்டர் அன்னம்மா சொல்லித்தான் தெரியும். மலையாளத்துப் பெண், எங்கள் வார்டு நர்ஸ். வயிற்றைத் திறந்து கொஞ்ச நேரத்தில் என் பிரஷர் விழ ஆரம்பித்ததாம். ஏற்றுவதற்கு ஊசி போட்டார்கள், ஏறவில்லை. இன்னொன்று போட்டார்கள், அதற்கும் அசையவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா கட்டியைத் தொடாமலே தைத்து மூடிவிட்டார். கடைசியில் வேறு ஒரு ஊசி சொட்டுச் சொட்டாக இறக்கியதில் பிரஷர் மேலும் விழாமல் நின்றது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை.

எனக்கு நினைவே இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி பாதி இருந்தது. பக்கெட் சத்தம் கேட்டது. "சரோ, சரோ" என்று அவர் கூப்பிடுவது கேட்டது. கண்ணைத் திறக்க முடியாது என்பதில்லை. திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. முடியாததற்கும் தோன்றாததற்கும் எத்தனை வித்தியாசம் என்று இதற்கு முன்னால் நான் யோசித்ததே கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தேன். ஒரு வாய் கஞ்சி விழுங்கினேன். வார்டே சந்தோஷப்பட்டது. நான்காம் நாள் மறுபடியும் பழைய குருடி கதவைத் திறடி. சாய்ந்து படுத்தவள் கூப்பிட்டால் முனகுகிறேன், அவ்வளவுதான். மயக்க டாக்டர் இதற்காகவே செங்கல்பட்டிலிருந்து வந்து கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "நேத்து எழுந்தவங்க இன்னிக்கு ஏன் இப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இனி இந்த அம்மாவுக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து, கட்டியோடு இருக்கிறவரை இருக்கட்டும் என்று டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். இருக்கிறவரை என்றால் எதுவரை என்று அவருக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

பாவம், அவர் என்ன செய்வார். சொசைட்டிக்கு லீவு போட்டுவிட்டு கட்டிலருகிலேயே இருந்தார். என் கால் விரல்களைத் துடைத்தார். தலையை வாரிவிட்டார், கோணல் வகிடாக. தலையைத் தூக்கிப் பிடித்து, புரையேறாமல், கரண்டி கரண்டியாகக் கஞ்சி புகட்டினார். அந்தக் கஞ்சியில், மூன்றாம் நாள் நான் வாய் திறந்ததிலிருந்தே, நான் பிழைக்க வேண்டுமே என்று, ஒரு பங்குக்கு இரண்டு பங்காகப் பொடியைக் கலக்கினார்.

நான்காம் நாள் மதியம் சிஸ்டர் அன்னம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன சாரே கலக்குறீங்க?"

"சிவன்மேல்பொடிமா. சீக்கிரம் எழுந்துக்குவா."

"பஸ்மமோ? விபூதியைக் கஞ்சியிலயோ?" என்று அவள் பொட்டலத்தை வாங்கி, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். முகம் கோணிப்போயிற்று. "பஸ்மம் இப்படிக் கசக்குமோ? ஐயோ, இது வேராக்கும் சாரே! எங்க நாட்டுல அவில்பொரின்னு சொல்லும். பிராந்து, அதான் பைத்தியம், பிடிச்சவங்களுக்குக் கொடுக்கிறது!" பொட்டலத்தோடு ஓடினாள்.

டாக்டர் வந்தார். என் வீட்டுக்காரரிடம் அடுக்கடுக்காகக் கேட்டார். மூக்கு அடைக்குமா? நடை தளர்ந்ததா? கையெழுத்து சின்னதாச்சா? எல்லாவற்றுக்கும் இவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை.

"தப்பு என்மேலயும் இருக்குதுங்க. பொடின்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. என்ன பொடின்னு நான் கேக்கல. விபூதின்னு நினைச்சுட்டேன். இந்த வேருல இருந்துதான் பிரஷர் மாத்திரையே பண்றாங்க. தெரிஞ்சிருந்தா, இதை நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சுதான் இவங்களைத் தொட்டிருப்பேன்."

அப்புறம் அவர் விளக்கியதை, எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். மூளையில் டோபமின் என்று ஒரு சரக்கு ஊறுகிறது. அதோடு இன்னும் இரண்டொன்று உண்டு. நரம்பு நுனியில் சின்னச் சின்னப் பைகளில் அதைச் சேர்த்துவைத்திருக்கும். கையைக் காலை அசைக்க, ஒன்றை வேண்டும் என்று நினைக்க, ஏன், தூக்கத்திலிருந்து விழித்துக்கொள்ளக்கூட அது வேண்டும். விழிப்பு சும்மா வருவதில்லையாம், மூளை செய்கிற வேலையாம். அந்த வேர் இந்தப் பைகளையெல்லாம் காலி பண்ணிவிடுகிறது. பிரஷர் ஊசி வேலை செய்ய வேண்டுமென்றாலும் பையில் சரக்கு இருக்க வேண்டும். ஊசி கதவைத் தட்டுகிறது, உள்ளே கொடுக்க ஒன்றுமில்லை.

"தார்ல நூல் இல்லாம நாடா வீசற மாதிரிங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். நெசவுக்காரர் மகன், அவருக்கு அதுதான் வரும். நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற குழல்தான் தார். அது காலியானாலும் நாடா தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும், துணி வளராது.

டாக்டர் யோசித்துவிட்டு, "அப்படியேதான்" என்றார். "மயக்கம் கொடுக்கிறது என் வேலை. எழுந்து வர்றது அவங்க மூளையோட வேலை. இதுல எங்களுக்கே தெரியாதது இன்னும் நிறைய இருக்குது. ஆனா பொடியை நிறுத்தினா பை திரும்ப நிரம்பும். அதுக்கப்புறம் தைரியமா ஆபரேஷன் பண்ணலாம்."

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பிரஷரை நாளுக்கு மூன்று தரம் பார்த்தார்கள். முதல் சில நாள் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலையில் என் வீட்டுக்காரர் பிளாஸ்க்கோடு வந்து நின்றார். நெற்றி வெறிச்சென்று இருந்தது.

"இன்னாங்க, விபூதி எங்க?"

"எல்லாத்தையும் நிறுத்திட்டேன் சரோ. எது மருந்து, எது சாமின்னு எனக்கு இனிமே தெரியாது."

"நெத்தியில வச்சிக்கறது இன்னா பண்ணிச்சு உங்கள? அறிவு இருக்குதா? போய் வச்சிக்கினு வாங்க!" என்றேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "திட்றியா?" என்றார். "திட்றியா நீ?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனிதருக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. காபி சூடாக இருந்தது, சர்க்கரை போதவில்லை. தலையணையில் டெட்டால் நாற்றம். தையல் வலித்தது. தூக்கம் போய்விட்டது, ஆனால் கொஞ்சம் தூங்கினாலும் தூங்கியதாக இருந்தது. பத்தாம் நாளோ என்னவோ, எதிர்க் கட்டிலில் ஒருத்தி பேரனைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு மடி கனத்தது. நிஜமாகவே கனத்தது. எத்தனையோ மாதம் முன்னால் மல்லிகா வைத்த அந்தக் குழந்தையின் கனம் அன்றைக்குத்தான் என் மடிக்கு வந்து சேர்ந்தது. சின்ன விரல் முந்தானையைப் பிடித்து இழுத்ததும் வந்தது. ஐயோ, நான் என்ன காரியம் செய்தேன். வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன், தையல் பிரிந்துவிடுமோ என்று சிஸ்டர் ஓடிவந்து பிடித்துக்கொள்ளும் வரைக்கும்.

"போய் அவளை இட்டுக்கினு வாங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கினுதான் இருக்கறன் சரோ. பொடி விஷயத்தையும் சொல்லிட்டேன். வரமாட்டேன்றா. 'மருந்து மேல பழி போட்டுட்டா ஆச்சா?'ன்றா."

எத்தனை மாதமாக என்னிடம் சொல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார்! அதற்கும் ஒரு பாட்டுத் திட்டினேன். அதற்கும் அவர் சந்தோஷமாகவே நின்றார்.

இரண்டாம் ஆபரேஷன் அன்றைக்கு நான் பட்ட பயத்தைச் சொல்லி முடியாது. முதல் தடவை மூட்டையாகப் போனவள் இந்தத் தடவை தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேன். இப்போது எழுந்திருக்காமல் போனால் அம்மாவுக்குப் பாசமில்லை என்பதையேதான் மல்லிகா கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பாள். "டாக்டர், பை நிரம்பிடுச்சா? நல்லாத் தெரியுமா?" என்று மூன்று தரம் கேட்டேன். அவர் என் கையைக் கம்பியிலிருந்து பிரித்துக்கொண்டே, "இப்படிப் பயப்படறீங்களே, அதுலயே தெரியுதும்மா" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் விழித்துக்கொண்டேன். குமட்டியது, தொண்டை எரிந்தது, வயிறு தீயாக இருந்தது. கட்டியை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் மதியம் மல்லிகா வந்தாள். இடுப்பில் குழந்தை, பல் முளைத்திருந்தது. அவள் கட்டிலிலிருந்து எட்டியே நின்றாள். சிஸ்டர் ஸ்டூலைப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

நான் முந்திக்கொண்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது அத்தனையும் சொன்னேன். டோபமின், பை, வேர், கரும்பலகை எழுத்து, எல்லாம். "அன்னிக்குக் கொழந்தைய எடுத்துக்கோன்னு சொன்னது நான் இல்லடி. அந்தப் பொடி" என்றேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரிம்மா. அது பொடிதான்னு வச்சிக்கறேன். டாக்டரும் அப்பாகிட்ட அப்படித்தான் சொன்னாராம்." குழந்தை பிடித்திருந்த முந்தானையை விடுவித்துக்கொண்டாள். "நான் கல்யாணம் பண்ணிக்கினு வாசல்ல வந்து நின்னப்போ, தெருவே வேடிக்க பாத்துக்கினு இருந்துச்சு. 'உன்னைப் பெத்த வயித்துல கட்டி வந்து நான் சாவணும்'னு சொன்ன. அப்போ நீ எந்தப் பொடியும் சாப்புடல. அது யாரு சொன்னது?"

வார்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு டாக்டரிடம் விளக்கம் கிடையாது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. மூடிக்கொள்ளவில்லை.

"நான்தான்" என்றேன். "நல்லா முழிச்சிக்கினுதான் சொன்னேன்."

மல்லிகா குழந்தையை என்னிடம் நீட்டவில்லை. ஸ்டூலைக் காலால் கட்டில் பக்கம் தள்ளி, அதில் உட்கார்ந்தாள். ஐயம்பேட்டைக்கு மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் எழுந்திருக்கவில்லை. நாலு மணி பஸ்ஸும் போனது.